கோலாலம்பூர்–பினாங்கு: 325 கிலோமீட்டர் பறக்க ஏன் ஒரு மணி நேரம்?

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே விமானத்தில் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தேடினால், வரும் பதில்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். ஓரிடத்தில் 325, இன்னோரிடத்தில் 279, மற்றோரிடத்தில் 175 என்று இருக்கும். நேரமும் அப்படித்தான். 24 நிமிடம் என்கிறது ஒரு தளம், 54 நிமிடம் என்கிறது இன்னொன்று. டிக்கெட்டைத் திறந்தால் 1 மணி 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது. தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகத் திட்டம் போடும் வீடுகளில் "விமானமா, ரயிலா, காரா" என்ற பேச்சு இந்த எண்களை வைத்துத்தான் நடக்கிறது. அதனால் இவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. மேலே சொன்ன எண்களில் எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான்.

எந்த விமான நிலையத்திலிருந்து?

கோலாலம்பூர் என்று சொன்னால் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. முதல் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

1. செப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம், அதாவது கேஎல்ஐஏ. 1998இல் திறக்கப்பட்டது. நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி இருக்கிறது.

2. சுபாங் விமான நிலையம். 1965இலிருந்து 1998 வரை நாட்டின் முதன்மை விமான நிலையமாக இருந்தது இதுதான். பிறகு பல ஆண்டுகள் சுழல்விசிறி விமானங்களுக்கு மட்டும் என்று ஒதுங்கியிருந்தது. 2024 ஆகஸ்டில் ஜெட் பயணிகள் சேவை இங்கே மீண்டும் தொடங்கியது.

பினாங்குப் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. 1935இல் திறந்த பாயான் லெப்பாஸ் விமான நிலையம் ஒன்றே. தீவின் தென்கிழக்கு மூலையில், ஒரே ஓடுபாதையோடு இருக்கிறது.

செப்பாங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் 325 கி.மீ. சுபாங்கிலிருந்து 279 கி.மீ. இடையில் உள்ள 46 கி.மீ. வித்தியாசம், ஒரு விமான நிலையம் தெற்கே தள்ளி இருப்பதால் வந்தது. பினாங்கு இருப்பதோ வடமேற்கில். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கும் ஒருவர் செப்பாங்கில் விமானம் ஏறினால், முதலில் ஊரிலிருந்து தெற்கே போய், அப்புறம் வானத்தில் அதே அளவு வடக்கே திரும்பி வந்த பிறகுதான் பினாங்கை நோக்கிய பயணம் உண்மையில் தொடங்குகிறது. கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து நேர்கோட்டில் பாயான் லெப்பாஸ் சுமார் 286 கி.மீ.தான்.

இந்தத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

விமானத் தூரம் என்று தளங்கள் காட்டுவது, பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். பூமி உருண்டை என்பதால் அது வளைந்த கோடு. லண்டனுக்கோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ போகும்போது இந்த வளைவு பெரிய வித்தியாசம் செய்யும். கோலாலம்பூர்–பினாங்கு போன்ற குட்டித் தூரத்துக்கு அதை மறந்துவிடலாம். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும், காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

1. கேஎல்ஐஏ ஏறத்தாழ வடக்கு 2.75 பாகையிலும் கிழக்கு 101.71 பாகையிலும் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் வடக்கு 5.30, கிழக்கு 100.28.

2. வடக்கு–தெற்காக வித்தியாசம் 2.55 பாகை. ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. என்றால், 283 கி.மீ.

3. கிழக்கு–மேற்காக வித்தியாசம் 1.43 பாகை. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இதற்கும் கிட்டத்தட்ட அதே 111 கி.மீ. பொருந்தும். அப்படியானால் 159 கி.மீ.

4. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 325 கி.மீ.

மூன்றாவது படியில் நமக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும் என்பதால், ஐரோப்பாவில் இருப்பவர் இதே கணக்கை இவ்வளவு எளிதாகப் போட முடியாது. மலேசியாவுக்குள் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இது போதுமான அளவு சரியாகவே வரும்.

அப்படியானால் 175 எங்கிருந்து வந்தது? அது கடல் மைல். விமானிகளும் கப்பலோட்டிகளும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் நீளம்தான் கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட் வேகம். 325 கி.மீ., 175 கடல் மைல், 202 மைல் மூன்றும் ஒரே தூரம். தளங்கள் சில நேரம் அலகைச் சிறிய எழுத்தில் ஓரமாகப் போடுகின்றன. அதைக் கவனிக்காமல் 175ஐக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் பினாங்கு ஈப்போவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

விமானம் அந்தக் கோட்டில் பறக்குமா?

பறக்காது. இரண்டு முனையிலும் ஓடுபாதை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதை அமையும்.

ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண் அதன் திசையைச் சொல்கிறது. 32 என்றால் ஏறத்தாழ 320 பாகை, வடமேற்கு. 14 என்றால் 140 பாகை, தென்கிழக்கு. கேஎல்ஐஏவின் மூன்று ஓடுபாதைகளும் இந்தத் திசையில்தான் இணையாகக் கிடக்கின்றன. விமானம் எப்போதும் எதிர்காற்றைப் பார்த்து ஏறி எதிர்காற்றைப் பார்த்து இறங்க விரும்பும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அதற்கேற்ப எந்த முனையைப் பயன்படுத்துவது என்று முடிவாகிறது.

கேஎல்ஐஏவிலிருந்து பினாங்கு இருக்கும் திசை சுமார் 331 பாகை. வடமேற்கு முகமாக ஏறும் நாளில் விமானம் தரையை விட்டதுமே பினாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தென்கிழக்கு முகமாக ஏறும் நாளில் முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, வளைந்து திரும்ப வேண்டும். அதற்கே சில நிமிடங்கள் போய்விடும்.

பினாங்கில் ஓடுபாதை எண்கள் 04, 22. தெற்கிலிருந்து வரும் விமானம் 04இல் இறங்குவதானால், தீவின் தெற்கே கடலுக்கு மேல் வலப்பக்கம் ஒரு திருப்பம் திரும்பி உள்ளே வந்துவிடலாம். 22இல் இறங்க வேண்டுமானால் விமான நிலையத்தைத் தாண்டி வடகிழக்கே போய், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் உள்ள நீரிணைப் பக்கமாகத் திரும்பி வர வேண்டும். சன்னலோர இருக்கையில் இருந்தால், பாயான் லெப்பாஸ் கீழே தெரிந்தும் விமானம் இறங்காமல் போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. காற்று திசை மாறியிருக்கிறது.

'நேரம்' என்றால் எந்த நேரம்?

குழப்பத்தின் மையம் இதுதான். ஒரே பயணத்துக்கு மூன்று விதமான நேரம் உண்டு.

1. பிளாக் நேரம். மேட்டில் நிறுத்திய லாரியின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது போல, நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கும் கட்டை வைப்பார்கள். ஒரு நிலையத்தில் அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்த கணத்திலிருந்து, மறு நிலையத்தில் நின்று கட்டை வைக்கும் கணம் வரை பிளாக் நேரம். டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 5 நிமிடம் இதுதான். தரையில் ஊர்ந்து போவதும், ஓடுபாதை முனையில் வரிசையில் நிற்பதும் இதற்குள் அடங்கும்.

2. வான் நேரம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை. இந்தத் தடத்தில் வழக்கமாக 40 நிமிடத்தை ஒட்டி இருக்கும். விமானி ஒலிபெருக்கியில் "பறக்கும் நேரம் 40 நிமிடம்" என்று சொல்வது இதை. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பவருக்கு "அப்புறம் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது?" என்று தோன்றுவது நியாயம்தான்.

3. கணக்கு நேரம். தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துத் தளங்கள் காட்டுவது. 325 கி.மீ.ஐ மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 24 நிமிடம். சில தளங்கள் ஏறி இறங்குவதற்கு என்று அரை மணி நேரம் சேர்த்து 54 நிமிடம் என்று காட்டும். எந்த விமானமும் இந்தத் தடத்தில் 24 நிமிடத்தில் போனதில்லை, போகவும் முடியாது. காரணம் அடுத்து வருகிறது.

800 கி.மீ. வேகம் எங்கே போனது?

325 கி.மீ.க்கு 65 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 300 கி.மீ. இதே போல ஜெட் எஞ்சின் பூட்டிய விமானம் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 10,600 கி.மீ. பறக்கும்போது, தரையில் ஊர்வதையும் சேர்த்துக்கூட மணிக்கு 750 கி.மீ.ஐ ஒட்டி வருகிறது. பாதிக்கும் கீழே இறங்கியதற்கு விமானத்தின் மேல் குற்றம் இல்லை.

ஏ320 அல்லது போயிங் 737 போன்ற விமானம் 26,000 அடிக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம்.

ஏறுவதற்கு நிமிடத்துக்குச் சராசரி 2,000 அடி என்றால் 13 நிமிடம். அந்த நேரத்தில் வேகம் இன்னும் கூடிக்கொண்டுதான் இருக்கும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஏறி முடிக்கும்போது சுமார் 75 கடல் மைல் கடந்திருக்கும்.

இறங்குவதற்கு விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்கவும் மூன்று கடல் மைல் வேண்டும். 26,000 அடிக்கு 78 கடல் மைல். வேகத்தைக் குறைத்து, சக்கரத்தை இறக்கித் தயாராக இன்னும் ஒரு பத்து.

ஏற 75, இறங்க 88, ஆக 163. மொத்தத் தூரமே 175 கடல் மைல்தான். மீதி 12 கடல் மைலில் மட்டும் விமானம் தன் முழு வேகத்தில் சமமாகப் பறக்கிறது, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. திருப்பங்களால் பாதை நீள்வதால் உண்மையில் இன்னும் சில நிமிடம் கூடும். இருக்கை வார் விளக்கு அணைந்ததும் பணியாளர்கள் அவசர அவசரமாகத் தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே குப்பையைச் சேகரிப்பது இதனால்தான். ஏறி முடிந்ததும் இறக்கம் தொடங்கிவிடுகிறது.

35,000 அடிக்கு ஏறினால் எரிபொருள் மிச்சமாகாதா என்று கேட்கலாம். அங்கிருந்து இறங்க மட்டுமே 105 கடல் மைல் வேண்டும். ஏறி முடிக்கும் முன்பே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே குறுகிய தடத்துக்குத் தாழ்ந்த உயரமே சரி.

இதற்கு மேல் தரையில் போகும் நேரம். கேஎல்ஐஏ பரந்த நிலையம். முனையத்திலிருந்து எந்த ஓடுபாதை கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஊர்ந்து போகும் நேரம் மாறும். பினாங்கில் ஊரும் தூரம் குறைவு, ஆனால் ஓடுபாதை ஒன்றுதான், நிறுத்துமிடமும் நெருக்கடி. அந்த முனையம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டார்கள். இப்போதைய விரிவாக்கத் திட்டம் அதை 1 கோடியே 20 லட்சத்துக்கு உயர்த்துவதற்கானது. முனையம் பெரிதானாலும் ஓடுபாதை ஒன்றாகவே இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சுழல்விசிறி விமானம் மெதுவா?

சுபாங்கிலிருந்து பினாங்குக்கு ஏடிஆர் 72 வகைச் சுழல்விசிறி விமானங்கள் போகின்றன. அதன் வேகம் சுமார் 270 நாட், மணிக்கு 500 கி.மீ. ஜெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை என்பதே என் கருத்து.

சுபாங்கிலிருந்து தூரம் 151 கடல் மைல். முழுத் தூரத்தையும் உச்ச வேகத்தில் பறந்தால் ஏடிஆருக்கு 34 நிமிடம், ஜெட்டுக்கு 20 நிமிடம். காகிதத்தில் 14 நிமிட வித்தியாசம். ஆனால் ஜெட் அந்த உச்ச வேகத்தை எட்டியதும் விட்டுவிட வேண்டியிருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஏடிஆர் தாழ்வாகப் பறப்பதால் சீக்கிரமே தன் வேகத்தை எட்டி, பெரும்பாலான தூரத்தை அதிலேயே கடக்கிறது. கடைசியில் வானத்தில் மிஞ்சும் வித்தியாசம் ஐந்து நிமிடம் போலத்தான். செப்பாங்கிலிருந்து ஜெட், சுபாங்கிலிருந்து ஏடிஆர், இரண்டுக்கும் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரே நேரம்தான் இருக்கும்.

மழையும் பதினைந்து நிமிடமும்

நிலநடுக்கோட்டுப் பகுதியில் உயரத்தில் அடிக்கும் காற்று பொதுவாக மென்மையானது. அதனால் போகவும் வரவும் ஒரே நேரம். நம் பக்கத்துத் தொல்லை இடிமழை. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகலில் மேற்குக் கரையில் இடிமேகங்கள் எழும். விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று மழையும் உண்டு. விமானி மேகத்தைச் சுற்றிப் போவார், அல்லது வானத்தில் வட்டமடித்துக் காத்திருப்பார். 40 நிமிடப் பறப்பில் 15 நிமிடக் காத்திருப்பு என்பது பெரிய விகிதம்.

நிறுவனங்கள் இதையெல்லாம் எண்ணித்தான் பிளாக் நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக வைக்கின்றன. உலகெங்கும் விமானத் துறையில், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இருந்தால் அது தாமதமாகக் கணக்கில் வராது. எனவே 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானம் பினாங்கில் 5 நிமிடத் தாமதத்தோடு நின்றால், விமானி வேகமாக ஓட்டினார் என்று பொருள் இல்லை. அட்டவணையில் இருந்த இடைவெளி அதை விழுங்கிவிட்டது.

பயணிக்கு இதனால் என்ன?

வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு:

1. கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து போய் ரயிலுக்குக் காத்திருக்க 25 நிமிடம்.
2. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயிலில் முதல் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33.
3. விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும்.
4. பிளாக் நேரம் 65 நிமிடம்.
5. இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர 20 நிமிடம்.
6. பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குக் காரில் 40 நிமிடம். சாலை நெரிசல் இருந்தால் இன்னும் கூடும்.

நாலரை மணி நேரம். இதில் வானத்தில் இருந்தது 40 நிமிடம். இதே கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே பட்டர்வொர்த். அங்கிருந்து பெர்ரியில் தீவுக்குப் போக, காத்திருப்பதையும் சேர்த்து அரை மணி நேரம் வைக்கலாம். கணக்கு கிட்டத்தட்ட சமம்.

ஆகவே முடிவு, வீடு எங்கே இருக்கிறது என்பதில்தான். கிள்ளான், ஷா ஆலம் பக்கம் இருப்பவர்களுக்குச் சுபாங் பெரிய லாபம், செப்பாங்கோ இரண்டு மடங்குக்கும் மேல் தொலைவு. சிரம்பான், நீலாய்க்காரர்களுக்குக் கேஎல்ஐஏ வீட்டு வாசல் போல. போய்ச் சேர வேண்டிய இடம் புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பட்டாணி, நிபோங் தெபால் என்றால், தீவில் இறங்கிப் பாலம் ஏறித் திரும்பி வருவதை விட ரயிலோ காரோ நல்லது. ஒரு விதிவிலக்கு உண்டு: 2014இல் திறந்த இரண்டாம் பாலம் விமான நிலையத்துக்கு அருகிலிருந்து பத்து காவான் பக்கம் இறக்கிவிடும் என்பதால், பெருநிலத்தின் தென்பகுதிக்காரர்களுக்கு விமானம் ஒத்துவரலாம்.

பினாங்கிலிருந்து கேஎல்ஐஏ வந்து சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் மாறுபவர்கள் பிளாக் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், பெட்டியை எடுத்து, தேவைப்பட்டால் முனையம் மாறி, மறுபடி செக் இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. ஒரே டிக்கெட்டாக வாங்குவதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் ரிங்கிட் வீண் இல்லை.

தாமதம் என்றால் சட்டப்படி கேட்க வேண்டியதும் உண்டு. மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நிறுவனம் உணவு கொடுக்க வேண்டும். 2024 செப்டம்பர் 2இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தாமதம் 5 மணி நேரத்தை எட்டினால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எப்படிக் கட்டினீர்களோ அதே வழியில் 30 நாளுக்குள் அது திரும்ப வர வேண்டும். பினாங்கு போன்ற தடத்தில் 5 மணி நேரத்தில் ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால், இந்த உரிமை இங்கே நிஜமாகவே பயன்படும்.

கடிகாரம் ஏமாற்றும் இடம்

கோலாலம்பூரும் பினாங்கும் ஒரே நேர மண்டலம். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களையும் கழித்தால் பிளாக் நேரம் வந்துவிடும். வெளிநாட்டுத் தடத்தில் அப்படிச் செய்யக் கூடாது. பினாங்கிலிருந்து மேடான் சுமார் 240 கி.மீ.தான், ஆனால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. பினாங்கில் 9:00 மணிக்குக் கிளம்பி 55 நிமிடத்தில் போய் நிற்கும் விமானத்துக்கு, டிக்கெட்டில் சேரும் நேரம் 8:55 என்றிருக்கும். திரும்பி வரும்போது அதே 55 நிமிடம் இரண்டு மணி நேரம் போலத் தெரியும். சென்னைக்கு இந்த இடைவெளி இரண்டரை மணி நேரம். போகும்போது கழித்துக் கிடைக்கும் எண்ணோடு இரண்டரையைக் கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும்.